சொந்த டொமைனில் நிரல் குறிப்புகள்: பெயரை வாங்குவதும் அதைக் காப்பாற்றிக்கொள்வதும்

நிரல் எழுதும்போது கண்ணில் பட்ட நல்ல கட்டுரைகள், கருவிகள், பிழைக்கு விடை சொன்ன பக்கங்கள் எல்லாவற்றின் சுட்டிகளையும் ஐந்து ஆண்டுகளாக என் தளத்தில் சேர்த்துவந்தேன். ஒவ்வொரு சுட்டியின் கீழும் எனக்காக எழுதிக்கொண்ட இரண்டு மூன்று வரிக் குறிப்பு இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை தளத்தைத் திறந்தேன். என் பக்கம் இருந்த இடத்தில் பெயரைப் பதிவு செய்து விற்கும் நிறுவனமான பதிவாளரின் விளம்பரப் பக்கம் நின்றது. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியாகி அன்றைக்கு 9 நாட்கள்.

ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வந்திருந்தது. தானியங்கிப் புதுப்பிப்பு இருக்கிறதே என்று அதைக் கடந்துவிட்டேன். இடையில் வங்கி அட்டை மாறியிருந்ததால் பணம் எடுக்கப்படவில்லை. அதைத் தெரிவித்த கடிதங்களோ, அதே டொமைனில் நான் வைத்திருந்த மின்னஞ்சலுக்குப் போயின. டொமைன் நின்றதும் அந்த மின்னஞ்சலும் நின்றுவிட்டது. கடவுச்சொல்லை மாற்றுவதற்கான கடிதமும் அங்கேதான் போகும். காலாவதியான 38ஆம் நாள் பெயர் திரும்பக் கிடைத்தது. அதற்கு நான் கொடுத்த மீட்புக் கட்டணம் பல ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணத்துக்குச் சமம். முதல் டொமைனை வாங்கப் போகிறவர்களுக்கு இந்த அலைச்சல் வரக் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

1. பெயரைத் தேர்ந்தெடுங்கள்

இதில் நாட்கணக்கில் மூழ்கிவிடாதீர்கள். தொலைபேசியில் ஒரு முறை சொன்னால் எதிரில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தப் பெயர் போதும். இடைக்கோடும் எண்ணும் கலந்த பெயர்களை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும். ஏதாவது ஒரு நிரல்மொழியின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ உள்ளே வைக்காதீர்கள். வணிக முத்திரைச் சிக்கல் ஒரு காரணம். நாளைக்கு நீங்கள் வேறு மொழிக்குப் போய்விடக்கூடும் என்பது இன்னொன்று.

பின்னொட்டில், அதாவது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பகுதியில், கவனம் வேண்டும். இரண்டெழுத்துப் பின்னொட்டுகள் ஏறக்குறைய எல்லாம் நாடுகளுக்கோ ஆட்சிப் பகுதிகளுக்கோ உரியவை. நிரலாளர்கள் விரும்பி வாங்கும் டாட் ஐஓ, பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது. டாட் ஏஐ, அங்குவிலா தீவுக்கு உரியது. இவற்றின் விதிகளையும் விலையையும் அந்தந்தப் பின்னொட்டை நிர்வகிக்கும் பதிவகமே தீர்மானிக்கிறது. சில நாட்டுப் பின்னொட்டுகளுக்கு உள்ளூர் முகவரியோ அடையாளச் சான்றோ கேட்பார்கள். கீழே நான் சொல்லும் கால வரம்புகள் டாட் காம், டாட் நெட், டாட் டெவ் போன்ற பொதுப் பின்னொட்டுகளுக்கானவை. இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐக்கான் அமைப்பின் விதிகள் இவற்றுக்குப் பொருந்தும். நாட்டுப் பின்னொட்டு வாங்குவதானால் அந்தப் பதிவகத்தின் விதிகளைத் தனியாகப் படித்துவிட்டு வாங்குங்கள்.

2. இரண்டாம் ஆண்டு விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் ஆண்டு விலை. நீங்கள் காலமெல்லாம் கட்டப் போவது புதுப்பிப்பு விலை. அது பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது பணம் கட்டும் பக்கத்தில்தான் தெரியவரும்.

டாட் காமை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெயருக்கும் பதிவாளர் பதிவகத்துக்குக் கட்ட வேண்டிய விலை 2024 செப்டம்பர் 1 முதல் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. அதற்கு மேல் ஐக்கானுக்கு ஒரு சிறு தொகை. அதைவிடக் குறைந்த விலைக்கு ஒருவர் விற்கிறார் என்றால், முதல் ஆண்டு நட்டத்தைப் பின்னால் வரும் ஆண்டுகளில் எடுத்துவிடுவார். ஐந்து ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த இடம் பல நேரம் விலை கூடிய இடமாக மாறிவிடும்.

கணக்கில் சேர்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. டாட் ஏஐ பெயரைக் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு வாங்க வேண்டும். ‘பிரீமியம்’ என்று குறித்த பெயர்களில் சிலவற்றுக்குப் புதுப்பிப்பும் ஒவ்வோர் ஆண்டும் அதே உயர்ந்த விலையில் வரலாம். உங்கள் பெயரையும் முகவரியையும் பொதுத் தேடலில் மறைக்கும் தனியுரிமைச் சேவையைப் பல பதிவாளர்கள் இலவசமாகவே தருகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் வேறு இடம் பாருங்கள். தளத்தைப் பூட்டுக் குறியோடு திறக்க உதவும் சான்றிதழ், தள வடிவமைப்புக் கருவி, மின்னஞ்சல் பெட்டி என்று கூடையில் தானாக ஏறியிருப்பவற்றையும் நீக்குங்கள். சான்றிதழை இலவசமாகப் பெறும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு பெயரை ஒரே நேரத்தில் 10 ஆண்டு வரை பதிவு செய்யலாம். தொடங்குபவருக்கு இரண்டு ஆண்டே போதும். அதற்குள் பதிவாளரின் குணம் தெரிந்துவிடும்.

3. ஆவணங்கள்: பணம் கட்டும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

நான் அதிகம் அடிபட்டது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் மின்னஞ்சல். பதிவாளரிடம் கொடுக்கும் முகவரி, நீங்கள் வாங்கும் டொமைனில் இருக்கவே கூடாது. அலுவலக முகவரியும் ஆகாது. வேலை மாறினால் அது கையை விட்டுப் போய்விடும். தினமும் திறக்கும் ஒரு தனிப்பட்ட முகவரியைக் கொடுத்து, அந்த மின்னஞ்சலுக்கே, கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை வைத்துவிடுங்கள். அந்தப் பெட்டி எவர் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் டொமைனும் இருக்கிறது.

அடுத்தது பெயர். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். புனைபெயர் வேண்டாம், தனியுரிமைச் சேவை இருக்கும்போது உங்கள் பெயர் வெளியே தெரியாது.

படிவத்தில் ‘நிறுவனம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். தனிநபர் என்றால் அதைக் காலியாக விடுங்கள். நான் அதில் என் தளத்தின் பெயரை அழகுக்காக எழுதிவைத்தேன். அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால், விதிப்படி டொமைனின் உரிமையாளர் அந்த நிறுவனம்தான். கணக்கை மீட்கப் போனபோது உதவிப் பிரிவிலிருந்து வந்த முதல் கேள்வியே, அந்த நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழை அனுப்ப முடியுமா என்பதுதான். அப்படி ஒரு நிறுவனமே கிடையாது. இல்லாத ஒன்றுக்குச் சான்று எப்படிக் கொடுப்பது? மூன்று வாரம் கடிதம் மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் கைகொடுத்தவை ஐந்து ஆண்டுப் பழைய ரசீதுகள். ஒவ்வொன்றிலும் ஆர்டர் எண், தேதி, அட்டையின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் இருந்தன. அவற்றோடு அடையாள அட்டையின் நகலையும் சேர்த்து அனுப்பிய பிறகே கணக்கைத் திறந்துகொடுத்தார்கள்.

அதனால் ரசீது வந்த அன்றே பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, டொமைனோடு தொடர்பில்லாத ஓர் இடத்தில் வையுங்கள். முகவரியும் தொலைபேசி எண்ணும் உண்மையானவையாக இருக்கட்டும். விவரம் மாறினால் 7 நாட்களுக்குள் திருத்த வேண்டும். வேண்டுமென்றே பொய் விவரம் கொடுத்தால் பதிவையே ரத்து செய்யப் பதிவாளருக்கு உரிமை உண்டு.

கடைசியாக அட்டை. அது எந்த மாதம், எந்த ஆண்டு முடிகிறது என்று பாருங்கள். டொமைனின் புதுப்பிப்பு நாளுக்கு முன்பே முடிவதாக இருந்தால், அந்த மாதத்தை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

4. பதிவு செய்த முதல் 15 நாட்கள்

பணம் கட்டியதும் பெயர் உங்களுடையதாகிவிட்டது என்று தோன்றும். இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். அதில் உள்ள சுட்டியை 15 நாட்களுக்குள் சொடுக்க வேண்டும். தவறினால் பதிவாளர் டொமைனை முடக்கிவிடலாம். இந்தக் கடிதம் பெரும்பாலும் குப்பை அடைவில் போய் விழும், தேடிப் பாருங்கள். தள முகவரியை நண்பர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, பதினாறாம் நாள் தளம் காணவில்லை என்று திகைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கே பதிவாளரின் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். குறுஞ்செய்தியைவிட, கைபேசிச் செயலியில் வரும் எண்ணைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. அவர்கள் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பு, பெயரை வேறு பதிவாளருக்கு நகர்த்தவிடாமல் தடுக்கும் மாற்றத் தடைப் பூட்டு ஆகிய இரண்டும் இயங்குகின்றனவா என்று அமைப்புகள் பக்கத்தில் உங்கள் கண்ணாலேயே பார்த்து உறுதிசெய்யுங்கள்.

5. பெயரைத் தளத்தோடு இணைத்தல்

குறிப்புகளும் சுட்டிகளும் மட்டும் உள்ள நிலையான தளத்துக்கு மாதக் கட்டணத்தில் வழங்கி (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் கணினி) தேவையில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் தரும் கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவசச் சேவை தாராளமாகப் போதும். அதில் தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். மாதப் போக்குவரத்துக்கு 100 ஜிபி என்பது அவர்கள் வைத்திருக்கும் கண்டிப்பில்லாத வரம்பு. எழுத்து மட்டுமே உள்ள தளம் அந்த வரம்பைத் தொடுவதே அரிது.

எதை முதலில் செய்வது என்பது முக்கியம். கிட்ஹப் அமைப்புகளில் டொமைனை முதலில் சேருங்கள். அங்கே தரும் சரிபார்ப்புக் குறியீட்டை டிஎன்எஸ் பகுதியில், அதாவது பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் இடத்தில், இட்டு, பெயர் உங்களுடையது என்று உறுதிசெய்யுங்கள். அதன் பிறகு, பெயரை எண் முகவரியோடு இணைக்கும் ஏ பதிவுகளை எழுதுங்கள். 185.199.108.153 என்பதில் தொடங்கி, மூன்றாம் எண் மட்டும் 109, 110, 111 என மாறும் நான்கு முகவரிகள் அவை. ஏ பதிவை முதலில் எழுதிவிட்டால், நடுவில் வேறு ஒருவர் உங்கள் டொமைனைத் தன் தளத்தோடு சேர்த்துக்கொள்ள வழி திறந்துவிடும். இதே காரணத்துக்காக, பின்னாளில் தளத்தை எடுத்துவிட்டால் டிஎன்எஸ் பதிவையும் அன்றைக்கே அழியுங்கள்.

மாற்றம் உடனே தெரியவில்லை என்று பதறி, மாற்றியதை மீண்டும் மீண்டும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் இத்தனை விநாடி நினைவில் வைத்துக்கொள் என்று மற்றக் கணினிகளுக்குச் சொல்லும் ஓர் எண் உண்டு. 3600 என்றால் ஒரு மணி நேரம். இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் பெயர் வழங்கியையே மாற்றினால் டாட் காமுக்கு அந்த எண் 172800, அதாவது 48 மணி நேரம். இரண்டு நாள் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். இயங்கிக்கொண்டிருக்கும் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால், முந்தைய நாளே அந்தப் பதிவின் எண்ணை 300 ஆகக் குறைத்துவிடுங்கள். மாற்றம் ஐந்து நிமிடத்தில் பரவும்.

பூட்டுக் குறியோடு தளம் திறக்கச் சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில் அது தானாகவே வந்துவிடும். 24 மணி நேரம் வரை எடுக்கலாம். சொந்த வழங்கியில் நீங்களே நிறுவினால், வழக்கமான சான்றிதழ் 90 நாட்களில் முடிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களை அந்த அமைப்பு 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. புதுப்பிப்பு தானாக நடக்கிறதா என்பதை நிறுவிய அன்றைக்கே சோதித்துப் பாருங்கள். டாட் டெவ், டாட் ஆப் பெயர்களை உலாவிகள் சான்றிதழ் இல்லாமல் திறக்கவே திறக்காது.

6. சுட்டிகளை எழுதிவைக்கும் முறை

டொமைன் நிலைத்தாலும் அதில் நீங்கள் சேர்த்த சுட்டிகள் சாகும். 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு, பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்டது. என் தளத்தின் பழைய பதிவுகளைத் தட்டிப் பார்த்தபோது எனக்கும் அந்த வருத்தம் இருந்தது. தலைப்பை மட்டும் போட்டுவைத்த இடங்களில் மிச்சம் எதுவும் இல்லை. இரண்டு வரிக் குறிப்பு எழுதிய இடங்களில் சாரம் தப்பிப் பிழைத்திருந்தது. ஆகவே ஒவ்வொரு சுட்டியோடும் மூன்று செய்திகளை எழுதுங்கள்: அந்தப் பக்கம் என்ன சொல்கிறது, எந்தப் பதிப்புக்குப் பொருந்தும், எந்தத் தேதியில் படித்தீர்கள்.

சேர்க்கும்போதே இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து, அந்த நகலின் சுட்டியையும் பக்கத்தில் வையுங்கள். காசு எதுவும் இல்லை, ஒரு நிமிட வேலை.

கிட்ஹபில் உள்ள நிரலின் ஒரு வரியைக் காட்ட வேண்டுமானால், முதன்மைக் கிளையின் முகவரியைக் கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் யாராவது மேலே பத்து வரி சேர்த்தால் உங்கள் சுட்டி வேறு எதையோ காட்டும். அந்தப் பக்கத்தில் இருக்கும்போது விசைப்பலகையில் ஒய் விசையை அழுத்துங்கள். முகவரி அந்த நிமிடத்துப் பதிப்போடு கட்டப்பட்டதாக மாறிவிடும். ஆவணங்களுக்கும் இதே முறைதான். பைத்தான் ஆவணத் தளத்தில் 3 என்று மட்டும் உள்ள முகவரி எப்போதும் புதிய பதிப்பையே காட்டும், 3.12 என்றால் அந்தப் பதிப்பிலேயே நிற்கும். உங்கள் குறிப்பு ஒரு பதிப்பைச் சார்ந்தது என்றால் எண்ணோடு கொடுங்கள்.

நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் குறுஞ்சுட்டிச் சேவைகளை நம்ப வேண்டாம். கூகுளே தன் சேவையில் புதிய சுட்டிகள் உருவாக்குவதை 2019இல் நிறுத்தியது. நீண்ட நாள் யாரும் தொடாத பழைய சுட்டிகளை 2025 ஆகஸ்டில் செயலிழக்கச் செய்தது. முகவரியின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பின் யுடிஎம் என்று தொடங்கும் வால் இருந்தால் வெட்டிவிடுங்கள். அது பக்கத்தின் பகுதி அல்ல, வருகிறவரைப் பின்தொடரும் குறி.

உங்கள் சொந்தப் பக்கங்களின் முகவரியையும் யோசித்து அமையுங்கள். தமிழில் தலைப்பு வைத்தால் பல மென்பொருள்கள் அதையே முகவரியாக்கும். உலாவியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 குறிகளாக நீண்டுவிடும். கடிதங்களில் அது இரண்டாக உடைந்து, சொடுக்கினால் பிழைப் பக்கம் வரும். தலைப்பைத் தமிழில் வைத்து, முகவரிக்கு ஆண்டும் ஒரு வரிசை எண்ணும் கொடுத்துப் பாருங்கள். நான் அப்படித்தான் மாற்றினேன். மாற்றும்போது பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு நிரந்தரத் திருப்பம், அதாவது 301 வகை, கொடுக்க வேண்டும்.

7. காலாவதி நாளைச் சுற்றிய நாட்காட்டி

பதிவாளர் குறைந்தது மூன்று கடிதங்கள் அனுப்பியாக வேண்டும்: காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, காலாவதியான 5 நாட்களுக்குள் ஒன்று. அவற்றை மட்டும் நம்பியிருக்காதீர்கள். நாட்காட்டியில் நீங்களே 60 நாள், 30 நாள், 7 நாள் முன்பு குறித்துவையுங்கள். 60ஆம் நாள் அட்டை செல்லுபடியாகிறதா என்று பார்க்க. 30ஆம் நாள் கையாலேயே பணம் கட்டிப் புதுப்பிக்க. முன்கூட்டியே கட்டினால் நாட்கள் வீணாகாது, இருக்கும் காலத்தோடு சேர்ந்துகொள்ளும்.

தவறவிட்டால் நடப்பது இது. காலாவதிக்குப் பிறகு 45 நாள் வரை ஒரு சலுகைக் காலம் இருக்கலாம். அதற்குள் பெரும்பாலும் வழக்கமான விலையிலேயே புதுப்பித்துவிடலாம். ஆனால் அதை முழுதாகத் தர வேண்டும் என்ற கட்டாயம் பதிவாளருக்கு இல்லை. எனக்கு 30ஆம் நாளே முடித்துவிட்டார்கள். அது ஒப்பந்தத்தில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. பதிவு நீக்கப்பட்டதும் 30 நாள் மீட்புக் காலம் தொடங்கும். அதில் பெயரைத் திரும்பப் பெறப் பெரிய தொகை கட்ட வேண்டும். அதுவும் கடந்தால் 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அந்த ஐந்து நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆறாம் நாள் எவர் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய பெயர்கள் விடுபடும் நொடிக்காகத் தானியங்கி நிரல்கள் காத்திருக்கின்றன. உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஐக்கானின் தேடல் பக்கத்தில் யாரும் பார்க்கலாம்.

தபாலிலோ மின்னஞ்சலிலோ, உங்கள் டொமைன் முடியப் போகிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று முன்பின் தெரியாதவரிடமிருந்தும் கடிதம் வரும். பார்க்க ரசீது போலவே இருக்கும். உண்மையில் அது வேறு பதிவாளருக்கு மாற்றச் சம்மதம் கேட்பதாகவோ வெறும் ஏமாற்றாகவோ இருக்கும். கடிதத்தில் உள்ள சுட்டியைத் தொடாமல், பதிவாளரின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். பணம் கட்ட வேண்டியிருந்தால் அங்கே தெரியும்.

8. வேறு பதிவாளருக்கு மாறுவதானால்

புதிதாகப் பதிவு செய்த பெயரையோ அண்மையில் வேறு பதிவாளருக்கு மாற்றிய பெயரையோ 60 நாட்களுக்கு நகர்த்த முடியாது. அதற்குப் பிறகு, பூட்டை நீக்கி, பழைய பதிவாளரிடம் மாற்றக் குறியீட்டைக் கேளுங்கள். 5 நாட்களுக்குள் தந்தாக வேண்டும். புதிய இடத்தில் அதைக் கொடுத்தால் மேலும் 5 நாட்கள் வரை ஆகும். கட்டும் தொகைக்கு ஓர் ஆண்டு கூடுதலாகச் சேரும். காலாவதிக்கு இரண்டு வாரத்துக்குக் குறைவாக இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள். உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்த வேண்டியிருந்தால் அதை மாறிய பிறகு செய்யுங்கள், முன்பே திருத்தினால் இன்னொரு 60 நாள் தடை விழக்கூடும். டிஎன்எஸ் பழைய பதிவாளரிடமே இருந்தால், எல்லாப் பதிவுகளையும் படம் எடுத்து வைத்து, புதிய இடத்தில் எழுதி, தளம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய கணக்கை மூடுங்கள்.